எண்ணெய்க் குழாயும் தோட்டுச் சுரையும்

தன் கைக்கு மசியாத நட்டு நீர்வேலியில் இல்லை என்று ஹயர் கார் முத்துக்குமாரு சொல்லித் திரிவார். வாழைக்குலையும் மணப்பெண்ணும் ஏற்றி வாடகைக்கு ஓடிய அந்தக் கிழட்டுக் காருக்கு அவர்தான் வைத்தியர், அவர்தான் சாரதி. பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒரு காலைப்பொழுது, எஞ்சினுக்கு எண்ணெய் போகும் செப்புக் குழாய் வெடித்துவிட்டது. அப்படியே ஓடினால் எஞ்சின் இறுகிவிடும். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் புதுக் குழாய்க்கு எங்கே போவது? வீட்டுக்குள்ளே மகள் அருந்ததிக்குத் தலைப்பிள்ளை நோவு தொடங்கியிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாள். ஊரில் ஓடக்கூடிய வேறு கார் இல்லை.

வெடிப்பைப் பற்றவைக்க, பக்கத்து ஒழுங்கையில் நகை வேலை செய்யும் இராசநாயகம் தன் விளக்கும் ஊதுகுழலுமாய் ஓடிவந்தார். ஆனால் குழாய் கழன்று வந்தால்தானே? ஒரு முனை நட்டு இறுகிப்போய்க் கிடந்தது. முத்துக்குமாரு பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பனரை இழுத்தார். நட்டோடு சேர்ந்து குழாயும் முறுகியது.

"அண்ணை, விடுங்கோ. இனி இழுத்தால் குழாய் அறுந்துபோம்."

"அப்ப பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறீரோ?"

"தோட்டுச் சுரையும் நட்டு மாதிரித்தான்; காதிலை இறுகினது எத்தினை கழட்டியிருப்பன். இழுத்தால் காதுதான் கிழியும். உந்த நட்டை என்னட்டை விடுங்கோ."

மண்ணெண்ணெய்ப் போத்தலையும் எண்ணெய்த் துணியையும் தூர வைத்துவிட்டு இராசநாயகம் விளக்கைக் கொளுத்தினார். ஊதுகுழலால் சுடரை ஊதி, நட்டில் மட்டும் படும்படி சுட்டார். ஆறவிட்டுத் தேங்காயெண்ணெய் சொட்டுவிட்டார். முத்துக்குமாரு ஒரு ஸ்பனரால் நட்டு பூட்டியிருந்த அடிப்பக்கத்தை அசையாமல் பிடிக்க, இராசநாயகம் மற்றதால் நட்டை முதலில் சற்றே இறுக்கி, பிறகு மெல்ல மறுபக்கம் திருப்பினார். நட்டு இளகியது. குழாய் முழுசாய்க் கையில் வந்தது. பற்றவைத்து மாட்டியதும் அருந்ததியை ஏற்றிக்கொண்டு கார் புறப்பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று இராசநாயகமும் ஏறிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ரெண்டு உயிரும் தப்பியிராது" என்றார் டொக்டர், பெரியாஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்த பிறகு.

முத்துக்குமாரு வெளியே வந்தார். காரில் சாய்ந்திருந்த இராசநாயகத்தின் கையைப் பிடித்ததும் அழுகை வந்துவிட்டது.

"தாயும் பிள்ளையும் சுகம். என்ரை வீட்டிலை விளக்கெரியிறது உம்மாலைதான். இனி எந்த நேரமெண்டாலும் கூப்பிடும், கார் உம்மடை படலை வாசலிலை நிக்கும்."

"ஆஸ்பத்திரிக்கெண்டு கூப்பிட வேண்டி வராமல் இருக்கட்டும் அண்ணை" என்றார் இராசநாயகம்.

முத்துக்குமாரு அழுகையோடு சிரித்தார். பிடித்த கையை விடாமலே பேத்தியைக் காட்ட அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.