தன் கதையைத் தானே திட்ட வேண்டும்

எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு விதி உண்டு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அட்மின் ஒரு கதையைப் போடுவார், எழுதியவர் பெயர் இருக்காது. திங்கட்கிழமைக்குள் குழுவில் இருக்கிற எல்லாரும் அதைப் பற்றி ஐந்து வரிக்குக் குறையாமல் எழுத வேண்டும். அருமை, சிறப்பு, கைதட்டுகிற பொம்மை எதுவும் கூடாது. போட்டால் அட்மின் அழித்துவிடுவார். கதையை எழுதிய ஆளும் யாரோ எழுதின கதை மாதிரி விமர்சனம் எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் யார் வாயைத் திறக்கவில்லையோ அவர்தான் எழுதியது என்று தெரிந்துபோகுமே. திங்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு அட்மின் பெயரைச் சொல்வார். அதன் பிறகு எழுதியவர் ஒரே ஒரு பதில் போட்டுக்கொள்ளலாம்.

அட்மின் தபால் இலாகாவில் ரிடையர் ஆனவர். குழுவில் முப்பது பேர் இருந்தோம், பாண்டி, கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது குறைவு. தன் கதையைத் தானே திட்டுவதில் பலர் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். திட்டுகிற சாக்கில் நைசாகப் பூசி மெழுகுவார்கள். "மொழியின் அழகே சில இடங்களில் கதையை மறைக்கிறது" என்று ஒருத்தர் எழுதினால் போதும், ஐயா, நீங்கள்தான் அந்த ஆள் என்று எனக்குத் தெரிந்துவிடும். இதில் நான் ஏமாந்ததே இல்லை. அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு.

என் பிழைப்பே குற்றம் கண்டுபிடிப்பதுதான். சென்னைப் பதிப்பகங்கள் இரண்டுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறேன். பாண்டி குருசுக்குப்பத்தில் மாடி போர்ஷன். தனி ஆள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களும் இப்போது ஓய்ந்துவிட்டார்கள். நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதைப் படித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு பிரட் கொடுங்கள் என்று கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறப்பேன். குரல் கரகரவென்று வரும். சளியா என்பார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிடுவேன், வேறென்ன சொல்வது?

குழுவில் என்னைச் சிவப்புப் பேனா என்று கூப்பிட்டார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் என் கதை வந்த வாரம் எல்லாரும் சேர்ந்து என்னைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அட்மின் ஒரு வரி எழுதினார், இந்தக் கதையில் எழுதியவரைத் தவிர வேறு ஆளே இல்லை என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு நாள் குழுவைத் திறக்கவில்லை, சமைக்கவும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான் குரூப்ல இருக்கேன்மா, காலாப்பட்டு. சாப்ட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வயதில், முகம் தெரியாத ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். வீட்டுக்காரர் தவறிவிட்டார், ஒரே மகன் பிரான்சில். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து தினமும் காலை பதினொன்றுக்கு நான்தான் போன் பண்ணுவேன், மெய்ப்பு வேலைக்கு நடுவே டீ குடிக்கிற நேரம். பத்து நிமிஷம் பேசுவோம். "வேலை கிடக்குதுக்கா" என்று நான் வைக்கப் போகும்போதுதான் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஞாபகம் வரும். அவள் துணி துவைத்த தண்ணீரை வேண்டுமென்றே இவர் வாசல் பக்கம் திருப்பிவிடுகிறாளாம். கேட்கப் போனால் வாய்க்கு வந்தபடி பேசுகிறாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொம்யூன் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள் என்று மனுவே டைப் செய்து அனுப்பினேன். ஆறு மாதம் முகம் தெரியாத அந்தப் பொம்பளையோடு நான் மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். பத்து நிமிஷம் அரை மணியாகும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமைக் கதை வந்தது.

சென்னையில் அடுக்குமாடியில் தனியாக இருக்கிற ஒரு பொம்பளை. அவளுக்கு லோன் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெண் போன் பண்ணுகிறாள். இவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் வைத்துவிடுவாளே. மகளுக்குக் கல்யாணம், லோன் வேண்டும் என்கிறாள். மகளே கிடையாது. மறுநாளும் அந்தப் பெண் கூப்பிடுகிறாள். இவள் மாப்பிள்ளை வீட்டார் பண்ணுகிற அட்டகாசத்தைச் சொல்கிறாள், மண்டபம் கிடைக்காததைச் சொல்கிறாள். ஒவ்வொரு நாளும் ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கதை அவ்வளவுதான்.

நல்ல கதை. இப்போது சொல்கிறேன். அன்றைக்குப் படித்து முடித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை மாடிப்படியில் நிறுத்தி வைத்து ரெகுலேட்டர் சந்தேகம் கேட்கிறவள் நான். நிஜத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. என் வீட்டுக்குள் யாரோ எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் விமர்சனம் எழுதினேன். இது கண்ணீர் வாங்குவதற்காகச் செய்த பொய், தனியாக இருக்கிறவர்களுக்கும் ரோஷம் உண்டு, இப்படிக் கெஞ்சிக்கொண்டு யாரும் இருக்க மாட்டார்கள் என்று ஆரம்பித்து, கடைசியில் இதையும் சேர்த்தேன்: "அந்தப் பெண் போனை வைத்த அடுத்த நிமிஷம் இவளை மறந்துவிடுவாள். அதுகூடத் தெரியாத அளவுக்கு ஒருத்தி மக்காக இருப்பாளா?"

எனக்குக் கீழேயே அக்காவின் விமர்சனம் வந்தது. என்னுடையது பரவாயில்லை என்று சொல்லலாம், அப்படி வெளுத்திருந்தார். எழுதியவருக்கு வெட்கம் இல்லை, இதை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று முடித்திருந்தார். பூச்சு இல்லை, மெழுகல் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். சனிக்கிழமை பதினொன்றுக்குக் கூப்பிட்டு முதலில் அதைத்தான் பேசினேன். எழுதியது நம் குழுவில் இருக்கிற அந்த நெய்வேலிக்காரராகத்தான் இருக்கும், ஆம்பளைக்குத்தான் பொம்பளை இப்படி அசடாகத் தெரிவாள் என்றேன். அக்கா சிரித்தார்.

"மானங்கெட்டவ. போன்ல வர்றவகிட்டல்லாம் பிச்ச எடுக்குறா" என்றார்.

நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்தப் பொம்பளை மாதிரி நடித்தும் காட்டினேன், இல்லாத மகளின் மாமியாரைப் பற்றியெல்லாம் சேர்த்து. அக்காவும் கூடச் சேர்ந்துகொண்டார். நான் வைக்கப் போகும்போது, நேத்து பக்கத்து வீட்டுக்காரி திரும்பவும் தண்ணியைத் திருப்பிவிட்டாள் என்றார். இன்றைக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது, நாளைக்குச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அட்மின் பெயரைப் போட்டார். அக்காவின் பெயர்.

முதலில் அட்மின் தப்பாகப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அக்கா எழுதினால் கடற்கரை இருக்கும், மீன்காரர்கள் இருப்பார்கள், கோயில் திருவிழா இருக்கும். சென்னை அடுக்குமாடி எங்கிருந்து வந்தது? ஐந்து நிமிஷத்தில் அக்காவின் ஒரே ஒரு பதில் வந்தது. எல்லாரும் சொன்னது சரி, இனிமேல் எழுதவில்லை. அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை நான் நடித்துக் காட்டியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. விதிப்படி தன் கதை என்று அவர் வெளியே சொல்லவும் முடியாது. என்னோடு சேர்ந்து தன்னையே திட்டிக்கொண்டு, என் சிரிப்புக்குத் தானும் சிரித்திருக்கிறார்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பதினொன்றுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இந்த ஒரு குரலும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயம் வந்துவிட்டது. அவர் மனசு புண்பட்டதைவிட அதுதான் எனக்குப் பெரிசாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அட்மினிடம் முகவரி வாங்கிக்கொண்டு காலாப்பட்டு பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து கடல் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டும். அக்கா கதவைத் திறந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். யாரென்று கேட்காமலே உள்ளே வரச் சொல்லி டீ போட்டார். கோபமாக இருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பஸ்ஸில் கூட்டமா, வெயிலா என்று விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி கேட்டார். தெரியாமல் எழுதிவிட்டேன் அக்கா என்றேன்.

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டியா? அப்ப நீ இவ்ளோ நாள் எழுதுனதெல்லாம் இன்னாது?"

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அந்தப் பக்கம் காலி மனை. கல் நட்டு, எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்தது. எழுந்து மறுபக்க ஜன்னலுக்குப் போனேன். அந்தப் பக்கமும் காலி மனை. எதிரே சவுக்குத் தோப்பு. தண்ணீரைத் திருப்பிவிட அங்கே ஒரு வீடு இல்லை, ஒரு மனுஷி இல்லை.

நான் பார்த்ததை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்கவில்லை.

"நீ வச்சிடுவியேன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல" என்றார். டீ டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "லோன் பொண்ணு நீதான். நீ எழுதுனதும் சரிதான், வச்சதும் மறந்துடுவாங்கதான்" என்றார்.

மறக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் பத்து நிமிஷமானால் வேலை கிடக்குது என்று நான் சொன்னது எனக்கே கேட்டது. பாதி நாள் அவர் பேசும்போது திரையில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய தனிமை எனக்குத் தெரியவே இல்லை. எனக்கு மட்டும்தான் தனிமை என்று இருந்துவிட்டேன். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வாசல் வரைக்கும் வந்து, பாத்துப் போங்க என்றார். அதுவரை என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருந்தார். பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பதினொன்றுக்கு எடுத்தார். அதன் பிறகு தினமும் எடுக்கிறார். ஆனால் இப்போது அவர் உண்மையைத்தான் சொல்கிறார். என்ன விசேஷம் என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்கிறார். நேற்றும் ஒண்ணுமில்ல, இன்றைக்கும் ஒண்ணுமில்ல. மகன் போன் பண்ணினானா என்றால் இல்லை. ஒரு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துபோகிறது. சரி, வச்சிடட்டுமா என்கிறார்.

போன வாரம் அப்படி அவர் வைக்கப் போகும்போது, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழ் வீட்டில் புருஷன் பொண்டாட்டிக்குள் ஒரே சண்டை அக்கா, என்றேன். சட்டி பானையெல்லாம் பறக்கிறது, காலையிலிருந்து என்னால் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை என்றேன். அந்தப் பொண்ணு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள் என்றேன். கீழ் வீடு தீபாவளிக்கு முன்னாலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்புறம்?" என்றார் அக்கா.