வட்டம் விழாத தட்டு

என் சித்திக்கு அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ‘ஸ்கேல் மேடம்’ என்று பெயர். வெள்ளைக் கோட்டின் மேல் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள். சித்தி ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் வைத்திருந்தாள். ஓரம் மழுங்கி, எண்கள் பாதி அழிந்து போன ஸ்கேல். புதுசு வாங்கித் தரட்டுமா என்று நான் கேட்டதற்கு, “இதுல எங்க எது இருக்குன்னு என் கண்ணுக்குத் தெரியும்டா, நீ உன் வேலையைப் பாரு” என்றாள்.

அவள் அளந்தது வட்டங்களை. நோயாளியின் ரத்தத்திலோ சிறுநீரிலோ இருந்து எடுத்த கிருமியை ஒரு கண்ணாடித் தட்டில் இருக்கும் கூழின் மேல் தடவி, அதன் மீது மருந்து ஊறிய காகிதப் பொட்டுகளை வரிசையாக ஒட்டி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். மறுநாள் திறந்தால் கிருமி தட்டு முழுக்கப் பாசி மாதிரி படர்ந்திருக்கும். எந்த மருந்து கேட்கிறதோ அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் தெளிவாக ஒரு வட்டம் இருக்கும். வட்டம் பெரிதாக இருந்தால் ஆள் பிழைப்பார். வட்டமே இல்லையென்றால் அந்த மருந்தை ஊசியில் ஏற்றுவதும் தண்ணீரை ஏற்றுவதும் ஒன்றுதான்.

“நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல வட்டமெல்லாம் ஒண்ணை ஒண்ணு இடிச்சிக்கிட்டு நிக்கும். ஸ்கேல் வைக்க இடம் இருக்காது” என்பாள். அவள் கண் முன்னாலேயே அவை சுருங்கின. முதலில் மலிவான மருந்துகளின் வட்டங்கள், பிறகு விலை கூடியவை, பிறகு பெரிய டாக்டர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கக்கூடியவை. ஒவ்வொரு வட்டம் மறைந்தபோதும் சித்தி அதை முதலில் கண்டுபிடித்து ஒரு கட்டுரை எழுதினாள். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பதவி உயர்வு வந்தது.

என் அம்மா, அதாவது சித்தியின் அக்கா, இதை விடவே மாட்டாள். “உன் பூச்சிக்குப் பிரமோஷன் வந்தா உனக்கும் வருதுடி. அவன் நாசமாப் போனா நீ நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

“பூச்சி இல்லக்கா. பாக்டீரியா.”

“வாய்க்குள்ள நுழையற மாதிரி ஏதாவது சொல்லு.”

அம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மைதானத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல், வீட்டுக்குள்ளும் குறையவில்லை. அப்பா போன பிறகு, கல்யாணமே செய்துகொள்ளாத சித்தியோடு போய் இருந்தாள். இரண்டு படுக்கையறை, ஒரு பிரிட்ஜ், ஓயாத சண்டை. வெளியே போய்விட்டு வந்தால் கை கழுவாமல் சோபாவில் உட்காரக்கூடாது என்பது சித்தியின் சட்டம். அம்மா முனகிக்கொண்டே கழுவுவாள். ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் விட்ட பிறகும் கடைசி மாத்திரை வரை விழுங்குவாள். நிறுத்தினால் கேள்வி கேட்க அடுத்த அறையில் ஆள் இருந்தது. தலைவலிக்குக்கூடக் கடையில் தானாக எதையும் வாங்கிப் போட்டுக்கொண்டதில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், நடந்ததற்கு அவள் மேல் பழி போட ஒன்றுமில்லை என்பதுதான். ஒழுங்காக இருந்தவளுக்குத்தான் அது வந்தது.

சித்தியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி இருந்தது. தட்டின் மேல் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான். வட்டத்தை அளந்து படிப்பவருக்கு அது யாருடையது என்று தெரியக்கூடாது. அவள் சேர்ந்த காலத்தில், கூட வேலை பார்த்த ஒருவர் தன் உறவுக்காரரின் தட்டை அளந்து, இல்லாத வட்டத்தை இருக்கிறது என்று படித்துவிட்டார். பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. அந்த மருந்தைக் கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. அதிலிருந்து சித்தி புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வாள்: “பாசம் வந்துட்டா கண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கூட்டிப் படிக்கும். பேரு தெரிஞ்சா படிக்காதீங்க, அடுத்தவங்ககிட்ட குடுத்துடுங்க.”

அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. எடுத்தார்கள். உள்ளே ஒரு மெல்லிய குழாயை வைத்து, கொஞ்ச நாளில் எடுத்துவிடலாம் என்றார்கள். அதற்குள் குளிரும் காய்ச்சலும் வந்து, சித்தி தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அவளைச் சேர்த்தாள். அக்காவின் ரத்தம் தரைத்தளத்தில் இருந்த தன் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எண் என்ன என்று அவள் கேட்கவில்லை. “கேட்டிருந்தா யாரும் தப்பா நினைச்சிருக்க மாட்டோம் தம்பி” என்று, சித்தியோடு வெகுகாலம் வேலை பார்த்த டெக்னீஷியன் அம்மாள் பிறகு என்னிடம் சொன்னார்.

அன்று காலை ரத்தத்திலிருந்து வளர்ந்த தட்டுகள் மூன்று இருந்தன. ஒன்றில் வட்டங்கள் அகலமாக, பழைய காலத்து வட்டங்கள் மாதிரி நன்றாக விழுந்திருந்தன. சித்தி அதைக் கையில் எடுத்தவள் சீக்கிரம் கீழே வைக்கவில்லையாம். அது அக்காவுடையது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அதை என்னிடம் அவளே சொன்னாள். இரண்டாவது தட்டில் பாதி வட்டங்கள் இருந்தன. மூன்றாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்ததும், அறையில் இருந்த ஆராய்ச்சி மாணவர்களைக் கூப்பிட்டாள்.

“வாங்க எல்லாரும். இதைப் பாருங்க. ஒரு பொட்டுக்காவது மசிஞ்சிருக்கா பாருங்க. பாடப் புத்தகத்துல போடலாம், அவ்வளவு அழகா வளர்ந்திருக்கு.”

“நாம இதுவரைக்கும் பாத்ததே இல்லையே மேடம்” என்றாள் ஒரு மாணவி.

“யாருமே பாத்திருக்க மாட்டாங்க. போட்டோ எடு. அடுத்த கட்டுரை இதுதான்.”

“அப்போ டிரீட் உண்டா?”

“உண்டு, உண்டு. முதல்ல போட்டோவை ஒழுங்கா எடு, போன தடவை மாதிரி விரலும் சேர்ந்து வரப்போகுது.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் போன் அடித்தது. மூன்றாவது மாடி டாக்டர்.

“மேடம், உங்க அக்காவுக்குக் காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது. கல்ச்சர் ரிசல்ட் வந்துச்சா?” என்று கேட்டு எண்ணைச் சொன்னார். சித்தி திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பவும் அதே எண்தான், மூன்றாவது தட்டின் எண்.

போனை வைத்துவிட்டு அவள் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். அளப்பதற்கு அந்தத் தட்டில் ஒன்றுமில்லை என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பொட்டின் மேலும் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். மாணவி செல்போனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அன்று மாலை எனக்குப் போன் வந்தது. நான் இருப்பது வேறு நாட்டில். இங்கே கிடைக்கும் புது மருந்துகளின் பெயர்களை இணையத்தில் தேடித் தேடி, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“அதெல்லாம் அந்தத் தட்டுலயே போட்டிருந்ததுடா” என்றாள் சித்தி.

“இன்னொண்ணு இருக்கு, போன வருஷம்தான் வந்திருக்கு.”

“அதுவும்தான். நீ கிளம்பி வா.”

பழைய மருந்து ஒன்று இருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தது. அதோடு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சித்தி வேலை முடிந்ததும் மூன்றாவது மாடிக்குப் போய், கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னடி மூஞ்சி தொங்கிப் போச்சு?” என்றாள் அம்மா. அந்தக் குரல் பாதியாகிவிட்டிருந்தது. “என்ன சொல்றான் உன் ஆளு?”

“யாருக்கா?”

“பூச்சி.”

“எதுக்கும் மசிய மாட்டேங்கிறான்.”

“எனக்குள்ள இருந்தவனாச்சே. வேற எப்படி இருப்பான்?”

சித்தி கையுறையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, “உன்னோடதுன்னு தெரியாம, அழகா இருக்குன்னு எல்லார்கிட்டயும் காட்டினேன்க்கா” என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு வாங்கியது. “பரவாயில்ல போ. இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி உன் வாயில இருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை.”

“உன்னைச் சொல்லலைக்கா.”

“என்கிட்ட இருந்து வந்ததுதானே.” கண்ணை மூடிக்கொண்டாள். “ஏதாவது கண்டுபிடிப்பீங்கல்ல?”

“கண்டுபிடிப்போம்.”

“எப்போ?”

சித்தி எழுந்து, சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்த மருந்தைப் பார்த்தாள். அம்மா திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பழைய மருந்து கிருமியை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தை முடித்தது. நான் விமானத்தில் இருந்தபோது அம்மா போய்விட்டாள்.

சித்தி வேலைக்குத் திரும்பிய அன்று டெக்னீஷியன் அம்மாள் அந்தத் தட்டைக் காட்டி, “இதை அழிச்சிடட்டுமா மேடம்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அழிச்சிட்டா அடுத்த மருந்தை எதுமேல போட்டுப் பாக்கறது?” என்றாள் சித்தி. அவளே ஒரு சின்னக் குப்பியில் அதை எடுத்து, ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்தாள். அங்கே அது சாகாமல் கிடக்கும். எடுத்துக் கூழில் தடவினால் மறுநாளே எழுந்துவிடும். கட்டுரையையும் எழுதினாள். எழுதாமல் விட்டால் இன்னொரு ஆஸ்பத்திரியில் இதையே பார்ப்பவர்களுக்கு என்னவென்று தெரியாது. அது வெளிவந்தது, பல நாடுகளில் பேசப்பட்டது, துறைத்தலைவர் பதவி வந்தது. அம்மா சொன்னது கடைசியாக ஒரு முறையும் பலித்தது. வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன். எதற்கு என்று கேட்டாள்.

இப்போது எங்கிருந்து எந்தப் புது மருந்து சோதனைக்கு வந்தாலும் முதலில் அந்தக் குப்பியில் இருப்பதன் மேல்தான் போடுகிறார்கள். அந்த ஆய்வுக்கூடத்திலேயே யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்த தட்டு அது ஒன்றுதான். அதனால் தன் விதிப்படி சித்தி அதைப் படிப்பதில்லை. டெக்னீஷியன் அம்மாள்தான் படிக்கிறார். ஸ்கேலை மட்டும் அவரிடம் கொடுப்பாள்.

போன வாரம் பேசியபோது அவள் குரலில் ஏதோ இருந்தது.

“நேத்து ஒண்ணு போட்டுப் பாத்தோம்டா.”

“என்னாச்சு சித்தி?”

“படிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவங்க பெட்டியைத் திறந்தப்போ கண்ணுல பட்டுடுச்சு. எனக்கு வட்டம் தெரிஞ்சுது. சின்னதா, ஒரு ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். “அவங்க அளந்தாங்களா?”

“அளந்தாங்க. ரெண்டு தடவை அளக்கச் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லைன்னாங்க” என்றாள் சித்தி. “அவங்க சொன்னதைத்தான் எழுதினோம்.”