அரவேணுவின் பாதாள நிர்வாகி

இறந்தவருக்குக் கோட்டு மாட்டி, டையின் முடிச்சையும் சரிசெய்துவிட்டு, "ஏனுங்க, சிரிச்ச மாதிரி போட்டோ வேற இல்லீங்களா?" என்று பவுல்ராஜ் கேட்பார். மலையூரான அரவேணுவின் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவருடைய ஃப்ளெக்ஸ் கடை. சுற்றுவட்டாரத்தில் யார் கண்ணை மூடினாலும் கண்ணீர் அஞ்சலி பேனர் அவர் கையால்தான். ஆயுசு முழுக்க ஸ்வெட்டரைக் கழற்றாதவர்கள்கூட அவர் கம்ப்யூட்டர் வழியாகக் கோட்டு போட்டுக்கொண்டுதான் பரலோகம் போக வேண்டும்.

போனவர்களையும் அவர் சும்மா விடுவதில்லை. கடை ஓய்ந்ததும் ஜப்பான் பாணியில் மாங்கா என்னும் படக்கதை வரைந்து, வாராவாரம் ஊராரின் ஃபோனுக்கு அனுப்புகிறார். கதை நடப்பது கிரேக்கர்களின் பாதாளத்தில். குடிமக்கள் எல்லாரும் அவர் பேனர் போட்ட அரவேணுக்காரர்கள். கோட்டுக்குப் பதில் தோளில் வெள்ளைத் துணி. வாசல் காக்கும் மூன்று தலை நாய்க்கு எஸ்டேட் பங்களா நாயின் முகம், மூன்று பிரதி. உள்ளே, செத்த வீரர்கள் சுகமாக இருக்க ஒரு புல்வெளி. பாதாள ராஜா கிரேக்கத்தில் ஹேடிஸ், ரோமில் புளூட்டோ. "எஸ்டேட் கைமாறுனா போர்டு மட்டும் மாறுமில்லீங்க, அதேதான்" என்பார்.

ஊரார் கோபிக்கவில்லை, சிபாரிசுக்கு வந்தார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஆயம்மாள் கடை வாசலில் நின்றே ஆரம்பித்தாள். "செத்த எம்பையன் சின்னராஜை அந்த நாய்கிட்டயா நிறுத்துவ? நாயின்னா அவனுக்கு ஆவாது கண்ணு. புல்லுக்காட்டுப் பக்கம் மாத்தியுடு."

"புல்வெளி வீரருங்களுக்குங்க, ஆத்தா."

"குடிச்சுப்போட்டு உன்னையே அடிச்சவன். அந்த வீரம் பத்தாதா?"

மனு பரிசீலிக்கப்பட்டது. சின்னராஜ் நாயிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தப்பட்டான், புல்வெளி கிடைக்கவில்லை. விதி என்றால் விதி. பாதாளம் போனவர் திரும்புவதில்லை என்பது அதில் முதலாவது.

அந்த விதிதான் வீட்டில் சோறு இறங்கவிடாமல் செய்தது. போன மழைக்குப் பின்சுவரோடு மண் சரிந்ததில் மகள் ஷைனா போய்விட்டாள். அவளுக்கும் பேனர் போட்டது பவுல்ராஜ்தான். கோட்டு மாட்டவில்லை, பள்ளிச் சீருடையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இப்போது கதை ஓர்ஃபியஸிடம் வந்து நிற்கிறது. இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போன பாடகன் அவன். கூட்டிவரும் வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. பார்த்துவிடுகிறான், அவள் மறுபடி உள்ளே போய்விடுகிறாள். பவுல்ராஜ் கதையில் அவள் மனைவி இல்லை, மகள். முகம் ஷைனாவின் முகம். இந்த ஒரு திருத்தத்தை மட்டும் நிர்வாகம் அனுமதித்தது.

"கதையிலயாச்சும் அவள மேல கூட்டியாந்துருங்க" என்றாள் மனைவி பிலோமி.

"கதையில அப்படி இல்ல, பிலோமி."

"நீங்கதான வரையறீங்க?"

அவர் பழங்கதையில் உள்ளபடியே வரைந்தார். ஊருக்கு அனுப்புமுன் அச்செடுத்து வந்து, அவள் முன்னால் பிடித்தார். ஒரே வரிசையில் நாலு கட்டம். ஜப்பானியர் முறைப்படி வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். மேல் ஓரத்தில் அதற்கு அம்புக்குறியும் போட்டிருந்தார். வலது ஓரத்தில் அப்பனுக்குப் பின்னால் முழு உருவமாக ஷைனா. அவன் திரும்பியதும் இடுப்புவரை பனிமூட்டம். அப்புறம் கை மட்டும். இடது ஓரத்தில் வெறும் மூட்டம்.

பிலோமி தமிழ் படிப்பதுபோல இடது ஓரத்தில் விரலை வைத்தாள். மூட்டம். ஒரு கை. இடுப்பளவுக்குப் பிள்ளை. விரல் வலது ஓரத்தில் போய் நின்றது.

"வந்துட்டா" என்றாள். "முழுசா வந்துட்டாளுங்க."

பவுல்ராஜ் வாயைத் திறந்தார். பிறகு, தாளைப் பிடித்திருந்த கட்டைவிரலை மெல்ல நகர்த்தி, அம்புக்குறியின் மேல் வைத்துக்கொண்டார்.