டோக்கன் இல்லாத கோட்டு

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் டோக்கன்காரர் என்று பெயர். மாமா லாண்டரி வைத்திருந்தார். டோக்கன் இல்லாமல் ஒரு கைக்குட்டைகூடக் கடையைவிட்டு வெளியே போகாது. என் கல்யாணத்தன்று காலை சட்டையை வாங்கப் போனேன். டோக்கனைக் காணோம். "மச்சானா இருந்தா என்ன, மாப்பிள்ளையா இருந்தா என்ன?" என்றார். இரவல் சட்டையில்தான் கல்யாணம். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

பிரெஞ்சு பேசும் ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து அக்கா கிளம்பியபோதும் அதே கதைதான். அவள் கம்பளிக் கோட்டு வெளுத்துத் தயாராக இருந்தது. பெட்டி கட்டும் அவசரத்தில் டோக்கன் எங்கோ போய்விட்டது. முதல் குளிர்காலத்தை அவள் யாரோ கொடுத்த ஸ்வெட்டரில் ஓட்டினாள். கோட்டு இங்கே கம்பியில் தொங்கியது.

மாமா அங்கே போய்ச் சேர வேண்டுமானால் பிரெஞ்சுப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். ஒருமுறை மண்ணைக் கவ்வியாகிவிட்டது. இந்த முறையும் தோற்றால் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அவரைக் கவிழ்த்தவை பிரதிப்பெயர்கள். மாமா பேச்சில் சிக்கனக்காரர். "குடுத்தாச்சு" என்பார், யார், எதை, யாருக்கு எல்லாம் அதிலேயே அடக்கம். பிரெஞ்சில் அது செல்லாது. நான், உனக்கு, அதை என்று எல்லாரும் வினைச்சொல்லுக்கு முன்னால் வரிசைகட்டி நிற்க வேண்டும். 'உனக்கு' என்றால் 'அதை'க்கு முன்னால். 'அவனுக்கு' என்றால் பின்னால்.

"அவனுக்கு மட்டும் ஏன் பின்னாடி எடம்?" என்று போனில் கேட்டார்.

"ஏன்னு கேக்காதீங்க. மனப்பாடம் பண்ணுங்க," என்றாள் அக்கா.

ஹேங்கருக்கு ஒரு சொல்லாகச் சீட்டு ஒட்டி, வரிசையாகக் கம்பியில் மாட்டினார். நான் கேள்வி கேட்பேன். அவர் ஹேங்கர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பதில் சொல்வார். கையைக் கட்டச் சொன்னால் வாயும் கட்டிக்கொள்ளும்.

தேர்வில் அவருக்கு வந்த அட்டையில் இருந்தது இதுதான்: நீங்கள் லாண்டரி நடத்துகிறீர்கள்; வாடிக்கையாளர் வருகிறார்; அவருடைய கோட்டைக் கொடுத்து அன்பாகப் பேசி அனுப்புங்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தேர்வாளர் அம்மாதான் வாடிக்கையாளர். கோட்டைக் கேட்டார். மாமா கையை நீட்டினார். அந்த அம்மா கைகுலுக்கினார்.

"டோக்கன்," என்றார் மாமா.

மறந்துவிட்டேன் என்றார் அம்மா. அப்படியானால் உங்களுக்கு அதைக் கொடுக்க மாட்டேன் என்றார் மாமா. என் கணவரிடமாவது கொடுங்கள் என்றார். அவருக்கும் அதைக் கொடுக்க மாட்டேன். போன வாரம் கொடுத்தீர்களே? உங்களுக்கு அதை நான் கொடுத்ததே இல்லை! நேரம் முடியும்வரை கோட்டு கைமாறவில்லை. அந்த அம்மா நிஜமாகவே சிவந்துபோனாராம்.

மாமா தொங்கிய முகத்தோடு வெளியே வந்தார். "குடுன்னு எழுதியிருந்துது. குடுக்கல."

"இல்லாத கோட்டு மாமா அது! குடுத்துத் தொலைச்சா என்ன?"

"டோக்கன் இல்லையே."

போனில் அக்கா அழுதாள். "நான் வேணுமா, டோக்கன் வேணுமான்னு கேட்டா நீங்க எதச் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள். எனக்கு முதல்முறையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

முடிவு வந்தபோது பார்த்தால், தேறிவிட்டார். சண்டைச் சூட்டில் அத்தனை சொற்களும் அதனதன் இடத்தில் வந்து நின்றிருக்கின்றன. ஹேங்கர் நினைவே வரவில்லை என்று அப்புறம்தான் சொன்னார்.

மீதியை அக்கா போனில் சொன்னாள். மாமா அங்கே போய் இறங்கியதும் விமான நிலைய வாசலிலேயே பெட்டியைத் திறந்தாராம். மேலாகக் கம்பளிக் கோட்டு.

"டோக்கன் தொலைஞ்சுபோச்சே," என்றாளாம் இவள், வேண்டுமென்றே.

மாமா கோட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "ழ து லெ தொன்," என்றார். உனக்கு அதை நான் கொடுக்கிறேன்.

அங்கே அப்போது நல்ல வெயில் காலம். அக்கா வீடு போய்ச் சேரும்வரை கோட்டைக் கழற்றவில்லை.