மாலை போட்டவன் புடிச்ச விரால்

தூண்டில் கடையில முள்ளு விக்கறது ஈஸிங்க, வாங்கிட்டு "மீன் எங்க இருக்கு?"ன்னு கேக்கறாங்க பாருங்க, அதுக்குப் பதில் சொல்றதுதான் தொழிலே.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி எங்க மாமாவோட கயிறு, வலை கடை. அதுல ஒரு மூலையில தூண்டி முள்ளு, நைலான் நரம்பு, தக்கை, இரைக்கு மாட்டற ரப்பர் தவளை. அந்த மூலைக்கு நான்தான் ராஜா. எந்த ஏரியில எந்தப் பக்கம் ஜிலேபி மீனு, எங்க கெண்டை, எங்க கெளுத்தி, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு கொறை. விரால் எங்க நிக்கும்னு மூணு வருஷமா ஊருக்கே சொல்லிகினு இருக்கேன், என் கையில ஒண்ணு கூட மாட்டனதே இல்ல. கரையில ஒக்காந்துட்டு வந்து வீட்ல திட்டு வாங்கற என் இனமே, இந்த வலி உங்களுக்குத்தான் புரியும். இருங்க, ஒருத்தர் நரம்பு கேக்கறாரு.

ஆங், வந்துட்டேன்.

மேப்புல முழுகினவரு

சித்திரை வெயில்ல மெட்ராஸ்ல இருந்து ஒருத்தரு கார்ல வந்தாரு. தொப்பி, கூலிங் கிளாஸ், என் பைக்கை விட வெல ஜாஸ்தியா ஒரு தூண்டி ராடு. திருவாலங்காடு பக்கம் ஒரு ஏரி சொன்னேன். அங்க விடியக்காலையில பனிமூட்டம் தண்ணி மேல அப்படியே படுத்துகினு இருக்கும், கெண்டை துள்ளற சத்தம் மட்டும் கேக்கும்னு கண்ண மூடிகினு சொன்னேன். அவரும் கண்ண மூடிகினு கேட்டாரு. லொகேஷன் அனுப்பிட்டேன்.

நான் சொன்னது தை மாசத்து ஏரிங்க. நடுவுல மூணு மாசம் வெயில் காஞ்சத நெனச்சே பாக்கல. ஒரு மணி நேரம் கழிச்சு போன் வந்துச்சு. பின்னாடி ஆடு கத்தற சத்தம். அவரு கோவமே படல, ரொம்ப அமைதியா சொன்னாரு: "தம்பி, உன் மேப்பு படி நான் முழுகிப் போயி பத்து நிமிஷம் ஆவுது."

தறிக்காரரு

பொதட்டூர்பேட்டை ஏழுமலை நம்ம ரெகுலர், மாமன் முறைன்னு பாவான்னுதான் கூப்புடுவேன். வீட்ல நாலு பவர்லூம். கரண்ட் போச்சுன்னா நேரா ஏரிதான். காதுல எப்பவும் தறி ஓடிகினே இருக்குமாம், தண்ணியப் பாத்தாதான் நிக்குமாம்.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். திருத்தணி முருகன் மலை தலைகீழா தண்ணியில கெடக்குது. கோபுரம் கூடத் தெரியுது. ஒரு கொக்கு அந்தக் கோபுரத்து மேலயே நடந்து போவுது. பாவா குடைய முகத்து மேல கவுத்துகினு படுத்துட்டாரு. திடீர்னு அவரு தக்கை உள்ள போச்சு. "பாவா! தக்கை முழுவுது பாவா!" குடை கூட அசையல, குரல் மட்டும் வந்துச்சு: "அதுவும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் வுடுபா."

கண்டிகை அக்கா

கே.ஜி.கண்டிகையில இருந்து ஒரு அக்கா வரும். கழனி வேலை. ராடு, ரீலு ஒண்ணும் கெடையாது, ஒரு மூங்கில் குச்சி. முள்ள வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, நகத்துல உரசிப் பாத்துட்டுதான் வாங்கும். ஒருவாட்டி கூடையத் தெறந்து காட்டுச்சு. ஈரக் கோணிக்குள்ள கருகருன்னு விரால், என் முழங்கை நீளத்துக்கு. மதகு ஓரம், ஆகாயத்தாமரைக்கு நடுவுல சந்து இருக்குதாம், அங்க நிக்குதாம்.

"நானும் அங்கதான் மூணு வருஷமா போடறேன் அக்கா"ன்னேன். அழுதுடற மாதிரி இருந்துச்சு எனக்கு. கூடைய இடுப்புல வெச்சிகினு அது சொல்லுச்சு: "நல்ல முள்ளு எல்லாத்தையும் எங்களுக்கு வித்துட்டா உனக்கு எப்படிடா மாட்டும்?"

மதகோரம்

இந்த ஆடிக் கிருத்திகைக்கு அம்மா எனக்கு மாலை போட்டு வுட்டுட்டாங்க. பைக்ல இருந்து வுழுந்து ஒடஞ்ச என் கால் நேராயிட்டா காவடின்னு வேண்டிகினாங்களாம். மஞ்ச வேட்டி, செருப்பு இல்ல, கவுச்சி இல்ல, ஒரு உசுரக் கொல்லக் கூடாது. ஊரே என்ன "சாமி"ன்னு கூப்புடுது. தூண்டில் கடையில சாமி!

நடுவுல ரெண்டு மழை. கண்டிகை ஏரி மதகோரம் தண்ணி தேங்கிடுச்சு. சும்மா பாக்கத்தான் பாவா கூடப் போனேன், முருகன் மேல ஆணையா. அவரு தூண்டில என் கையில குடுத்து, "சாமி, சும்மா புடிச்சிகினு இருங்க, டீ வாங்கியாறேன்"ன்னு போயிட்டாரு. நரம்பு நுனியில ரப்பர் தவளை. தண்ணி கண்ணாடி மாதிரி. தும்பி ஒண்ணு தூண்டில் மேல வந்து ஒக்காந்துச்சு. எனக்குக் கண்ணு சொக்குது. கை மட்டும் சொன்ன பேச்சு கேக்கல, லேசா ரெண்டு இழுப்பு இழுத்துடுச்சு.

டமார்னு தண்ணி வெடிச்சுது! ராடு வில்லா வளைஞ்சுது. முட்டி வரைக்கும் சேத்துல எறங்கி இழுக்கறேன், வேட்டி பாதி தண்ணியில. கரைக்கு வந்துடுச்சு. விரால். என் விரால்! போட்டோ எடுக்க போன் இல்ல, அது நம்ம கடையில சார்ஜ்ல கெடக்குது. சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல.

அப்பதான் பாத்தேன். அது நின்ன எடத்துல தண்ணிக்குள்ள செவப்பா ஒரு மேகம். குஞ்சுங்க. நூறோ ஆயிரமோ, குங்குமத்தக் கொட்டின மாதிரி அங்கயே சுத்திகினு இருக்குதுங்க. அதுங்களுக்குக் காவலுக்கு நின்னதுதான் தவளைய வெரட்ட வந்து மாட்டிகினு இருக்குது. பாவா வர்ற வரைக்கும் வெச்சிருந்தா ஊருக்கே காட்டலாம். ஆனா அது வாயத் தொறந்து தொறந்து மூடுது, என் மாலை மேல தண்ணி சொட்டுது. முள்ளக் கழட்டி வுட்டுட்டேன். செவப்பு மேகம் அது மேல போயி மூடிகிச்சு. மலை மறுபடி தண்ணியில வந்து ஒக்காந்துச்சு.

டீயோட வந்த பாவா கிட்ட கத்திக் கத்திச் சொன்னேன். கைய விரிச்சு நீளம் காட்டனேன். ஈர வேட்டியப் பாத்தாரு, தூண்டிலப் பாத்தாரு, அசையாத தண்ணியப் பாத்தாரு. டீய என் கையில குடுத்துட்டு, ரொம்ப மரியாதையா சொன்னாரு: "மாலை போட்டுகினு பொய் சொல்லக் கூடாது சாமி."

பாத்த ஒரே ஆளு அந்த மலை மேல இருக்கறவருதான், அவரு எறங்கி வந்து சொல்லப் போறது இல்ல, அதனால இப்பல்லாம் கடைக்கு வந்து எவன் எவ்ளோ பெரிய மீனக் கைய விரிச்சுக் காட்டனாலும் நான் கண்ண மூடிகினு நம்பிடறேங்க.