கழுவிய கை கிராஃபில் தெரியாது

எங்கள் மொட்டை மாடியில் எட்டு சோலார் பேனல்கள் இருக்கின்றன. இப்போது அவற்றை நான் கழுவுகிறேன். போன வருஷம் மார்ச் வரைக்கும் என் மனைவி கழுவினாள். அவளுக்கு இருதயத்தில் வால்வு கெட்டிருந்தது. அதோடுதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள் என்பது எனக்குத் தெரியாது. வளைகுடாவில் உட்கார்ந்துகொண்டு கழுவு, கழுவு என்று அவளை விரட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ சமாளிக்கிறேன் என்று தோன்றும்.

தென்காசியில் எங்கள் தெரு ஆண்கள் பலரையும் போல நானும் இருபத்தாறு வருஷம் வளைகுடாவில் கிடந்தேன். கடைசிப் பத்து வருஷம் பாலைவனத்தில் ஒரு பெரிய சோலார் பண்ணையில், பேனல் கழுவும் ஆட்களுக்கு ஃபோர்மேன். எந்த வரிசையை ஒழுங்காகக் கழுவினார்கள், எதைக் கழுவாமலே கழுவினதாக எழுதிக் கொடுத்தார்கள் என்று கம்ப்யூட்டரில் கிராஃபைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பொய் எழுதினவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, கிராஃபில் இறங்கிய கோட்டைக் காட்டுவேன். அவன் முகம் சுருங்கும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். வெயிலில் காய்ந்து கருகிப்போன மனுஷனுக்கு அதுதான் பெரிய அதிகாரம். அந்தத் தலைக்கனத்தைப் பத்திரமாக வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

ஒரு லீவில் வந்தபோது வீட்டில் பேனல் போட்டேன். கூடவே மனைவிக்குச் சட்டங்களும் போட்டேன். சூரியன் ஏறுவதற்கு முன்பே கழுவிவிட வேண்டும். சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. போர் தண்ணீர் ஆகாது. அதில் உப்பு, காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகக் கறை பிடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தெருக்குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்து அதில்தான் கழுவ வேண்டும். ஆளும் வைக்கக்கூடாது. இலத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் கூலிக்கு வந்தவன் இரும்பு நாரைப் போட்டுத் தேய்த்துக் கண்ணாடியையே கீறிவிட்டிருந்தான். அதனால், உன் கை மட்டும்தான் படவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அடுக்களையிலிருந்து மாடிக்கு இருபத்திரண்டு படி. எங்கள் பண்ணையில் தண்ணீர் லாரியில் வரும். இங்கே குடத்தை யார் தூக்குவது என்று நான் யோசிக்கவே இல்லை.

போனில் அதற்கென்று ஓர் ஆப் உண்டு. அதில் இரண்டு கோடுகள். வெயில் கொடுப்பது மஞ்சள் கோடு, வீடு செலவழிப்பது நீலக் கோடு. மோட்டார் போட்டால் நீலக் கோடு முள் மாதிரி குத்திட்டு நிற்கும். ஜூன் மாதம் மஞ்சள் கோடு படுத்துவிட்டால் இங்கே மேகம் இறங்கிச் சாரல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்ததை என் அறையில் இருந்த ஊர்க்காரர்களுக்கு அவர்கள் வீட்டிலிருந்து போன் வருவதற்கு முன்பே நான் சொல்வேன். மனைவியிடம், இன்றைக்கு இத்தனை மணிக்கு மோட்டார் போட்டாய், இத்தனை மணிக்கு நிறுத்தினாய் என்பேன். முதலில் சிரித்தாள். பிறகு நம்ப ஆரம்பித்தாள். எந்த மூலையைச் சரியாகத் துடைக்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரியும் என்று அளந்துவிட்டேன். சுத்தப் பொய். எட்டுப் பேனலுக்கும் சேர்த்து ஒரே கோடுதான்.

போன வருஷம் பிப்ரவரியில் மஞ்சள் கோடு இறங்கத் தொடங்கியது. மேகம் இல்லை, மழை இல்லை. தூசிதான் என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தினமும் காலையில் கோட்டைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். ஒரு ஸலாம் இல்லை, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. வெறும் படம். கழுவிவிட்டேன் என்று அவள் பதில் போடுவாள். மறுநாளும் கோடு இறங்கியே இருக்கும். மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து அறைக்கு வந்ததும் போன் பண்ணினேன்.

"பேனலைக் கழுவுனியா?"

"கழுவிட்டேங்க."

"யார்ட்ட பொய் சொல்லுத? எனக்கு இங்கன உக்காந்தே எல்லாம் தெரியும்ட்டி."

போனில் அவள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அழத்தான் செய்வார்கள் என்றும் நினைத்தேன்.

"நாளைக்குக் கழுவுதேன். வச்சிரட்டுமா?" என்றாள்.

நான் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மறுநாள் மஞ்சள் கோடு நன்றாக ஏறியிருந்தது. ஜெயித்துவிட்ட நினைப்பில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். அன்றைக்கு விடியற்காலையில் நடந்ததைப் பின்வீட்டுக்காரி எனக்குச் சொன்னது நான் ஊருக்கு வந்த பிறகுதான். தன் வீட்டு மாடியில் துணி எடுக்கப் போனவள் பார்த்திருக்கிறாள். குடத்தைத் தூக்க முடியாமல் என் மனைவி செம்பில் செம்பாகத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாள். நாலு படி ஏறுவாளாம், உட்காருவாளாம். மறுபடியும் நாலு படி. நான் வந்து கழுவித் தருகிறேன், நீ கீழே போய்ப் படு என்று பின்வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். அதற்கு இவள் சொன்ன பதிலை அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"வேற ஆளு கை பட்டா அவுகளுக்கு அங்கன தெரிஞ்சிரும்."

இருபத்தாறு வருஷத்தில் நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தனும் நம்பியதில்லை. அவள் ஒருத்திதான் நம்பினாள்.

நாலாவது நாள் விடியற்காலை, சுபுஹு தொழுகை நேரத்தில் மகள் கூப்பிட்டாள். அவளைக் கடையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். உம்மாவுக்கு முடியவில்லை என்று முந்தின நாள் வந்திருக்கிறாள். "உம்மா மவுத்தாயிட்டாங்க வாப்பா" என்றாள். நான் நம்பாமல், நல்லாத்தானே இருந்தாள் என்று கேட்டேன். அப்போதுதான் மகள் எல்லாவற்றையும் கொட்டினாள். நாலு மாதமாகவே படியேறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. திருநெல்வேலி டாக்டர் வால்வு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். எனக்கு வேலை முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதை முடித்துவிட்டு நிம்மதியாக வரட்டும், அதுவரை வாப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்த வியாதிக்கு எப்போது வேண்டுமானாலும் இப்படி ஆகும், படி ஏறினதால்தான் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் பிற்பாடு எனக்குச் சொன்னார். அல்லாஹ்வின் நாட்டம் என்று ஜமாஅத்தில் பெரியவர்களும் சொன்னார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

திருவனந்தபுரத்துக்கு மறுநாள் காலை விமானத்தில்தான் இடம் கிடைத்தது. மனைவியின் தம்பி கூப்பிட்டு, "மையத்த வச்சிருக்கவா மச்சான், இல்ல அஸருக்கு எடுத்துரவா?" என்று கேட்டார். நான் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். மார்க்கத்தில் சீக்கிரம் அடக்குவதுதான் நல்லது. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். பொய்க்காரி என்று நான் பேசிய பிறகு அந்த முகத்துக்கு முன்னால் போய் நிற்கும் தைரியம் எனக்கு இல்லை. வீடியோவில் முகத்தைக் காட்டவா என்று மகள் கேட்டாள். அதையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

அறையில் இருந்தவர்கள் டீ வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். தனியாக உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்காமல் ஆப்பைத் திறந்தது. காலை ஏழு மணியிலிருந்து நீலக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், எல்லா அறையிலும் ஃபேன் ஓடுகிறது என்று தெரிந்தது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கோடு குத்திட்டு நின்றது. மோட்டார் போட்டிருந்தார்கள். அவளைக் குளிப்பாட்டப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். சாயங்காலம் அஸர் பாங்கு நேரம் தாண்டியதும் நீலக் கோடு மளமளவென்று இறங்கியது. ஒவ்வொரு ஃபேனாக நிறுத்துகிறார்கள். ஆண்கள் எல்லோரும் வீட்டை விட்டு இறங்கிவிட்டார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள்.

நான் மஞ்சள் கோட்டைப் பார்த்தேன். அன்று வானத்தில் மேகமே இல்லை போலிருக்கிறது. நாலு நாள் முன்னால் கழுவிய கண்ணாடி. காலையிலிருந்து சாயங்காலம் வரை, வீடு நிறைய ஆட்களும் அத்தனை ஃபேனும் ஓடியும், மஞ்சள் கோடு நீலத்துக்கு மேலேயே நின்றது. அந்தப் பேனலைப் போட்ட நாளிலிருந்து அவ்வளவு நல்ல கோட்டை நான் பார்த்ததில்லை.