அடுப்படிக்கு வந்த மயில்

மலேசியாவில், ஜொகூர் பாருவுக்குப் பக்கத்து மாசாயில் வரிசை வீடொன்றில் குடியிருக்கும் கஸ்தூரி நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அடுப்படியில் கண்ணாடி பதித்த பிறகுதான் சோறு இறங்க மறுத்தது. அடுப்புக்குப் பின்சுவர் முழுக்க ஒரே கண்ணாடி; அதற்குள் நீலக் கடல். மீன் பொரித்து எண்ணெய் தெறித்தாலும் ஒரு துடை துடைத்தால் போதும், கடல் பளபளக்கும். தனலெட்சுமி அதைத் தேவைக்கு மேல் துடைத்துக் காட்டினாள் என்பது கஸ்தூரியின் கட்சி.

“சும்மா சிம்பிளா போட்டோம்க்கா. அவரு சிங்கப்பூர்ல பாத்துட்டு வந்து சொன்னாரு.”

கடலைக்கூட மன்னித்துவிடலாம். அந்தச் ‘சும்மா’வை எப்படி மன்னிப்பது?

அக்கம்பக்கம் எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போகும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குள் தன் சுவரிலும் கண்ணாடி ஏறியாக வேண்டும்; வருகிறவர்கள் கடலை மறந்துபோக வேண்டும். கடலுக்கு எதிராக எதை நிறுத்துவது என்று படைத்தளபதி போல யோசித்தாள். மலை எடுபடாது. ரோஜாப்பூ கிளினிக் சுவர் மாதிரி இருக்கும். கடைசியில், தோகை விரித்த மயில் என்று தீர்மானமாயிற்று.

கடலைப் பதித்த செல்லப்பனையே பிடித்தாள்.

“நேர்ல வந்து அளக்கணும்க்கா. இது சூடு தாங்குற கண்ணாடி. சூளைக்குப் போயிட்டு வந்தா அப்புறம் வெட்ட முடியாது, பொடிப்பொடியாயிரும்.”

“உங்க வேன் என் வாசல்ல நின்னா அவளுக்குத் தெரிஞ்சிடும் லா! அவ வீட்டு அளவு இருக்குல்ல? ரெண்டும் ஒரே மாதிரி வீடுதானே. அதையே போடுங்க. உசரம் மட்டும் அவளோடதவிட ஒரு விரக்கடை கூட இருக்கட்டும்.”

அந்த அளவுப்படி பிளக்குகளுக்கான இரண்டு ஓட்டைகள் வலது ஓரத்தில் வந்தன. தோகை பொத்தலாகாதபடி மயிலை இடப்பக்கம் தள்ளி நிற்க வைத்தாள்.

தனலெட்சுமி சேலை எடுக்க ஜொகூர் பாருவுக்குப் போன நேரம் பார்த்துக் கண்ணாடி வந்து இறங்கியது. சுவரில் சாய்த்துப் பார்த்தார்கள். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவந்த புருஷன் குணாளன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“ஏன் நம்ம பிளக்கு மயிலு கழுத்துக்குப் பின்னால இருக்கு?”

“அலமாக்!” என்றான் செல்லப்பன்.

இரண்டு அடுப்படிக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் வலதில் இருப்பது இந்தப் பக்கம் இடதில் இருக்கும். கண்ணாடியைத் திருப்பி மாட்டலாம். ஆனால் மயில் சுவரைப் பார்த்து நிற்கும்.

“ஒண்ணு செய்யலாம்க்கா. ஓட்டையெல்லாம் அவங்க வீட்டுக்குக் கச்சிதமா பொருந்தும். கேட்டுப் பாக்கவா?”

“சுத்தியலால அடிச்சு நொறுக்கினாலும் நொறுக்குவேன், அவ அடுப்படிக்கு அனுப்ப மாட்டேன்!”

ஆகவே மயில் ஹாலுக்குக் குடியேறியது. தீபாவளியன்று வந்தவர்கள் அதன் முன் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். கடலைப் பார்க்கப் போனவர் யாரும் இல்லை. தனலெட்சுமி முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“அழகா இருக்குக்கா. அது என்ன, ரெண்டு ஓட்டை?”

கஸ்தூரி கண் இமைக்கவில்லை. “காத்தோட்டத்துக்கு. இப்ப சிங்கப்பூர்ல எல்லாம் இப்படித்தான் போடுறாங்களாம். ஒங்க வீட்டுக்காரரு சொல்லலியா?”

தினம் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற புருஷனுக்கு இது தெரியாது என்று எந்தப் பெண்தான் ஒப்புக்கொள்வாள்?

“சொன்னாரு, சொன்னாரு,” என்றாள் தனலெட்சுமி. முறுக்கைக் கடிக்காமலே தட்டில் வைத்தாள்.

அடுத்த வாரம் செல்லப்பனின் வேன் பட்டப்பகலில் தனலெட்சுமி வாசலில் நின்றது. வேலியோரம் கஸ்தூரியைப் பார்த்ததும் அவன் தலையில் கைவைத்தான்.

“ஹாலுக்குக் கண்ணாடி வேணுமாம்க்கா. அந்தச் சுவத்துல ஒரு பிளக்குகூடக் கிடையாது. ஆனா நாலு ஓட்டை கண்டிப்பா வேணுமாம்!”

வெற்றிச் சிரிப்பு கஸ்தூரியின் உதடு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது.

“நாலா?” என்றாள்.

உள்ளே போய் மயிலைப் பார்த்தாள். இரண்டே இரண்டு ஓட்டை. வீடே வெறிச்சென்று இருந்தது.